மானிட்டருக்கு வைத்த சந்தனம்

எங்கள் வீட்டில் எது கெட்டாலும் பழி பஞ்சுத் தூசியின் மேல்தான் விழும். இராஜபாளையத்தில் வீட்டின் முன்பாதியில் பேண்டேஜ் துணியை ரோல் ரோலாகச் சுற்றி விற்றுக்கொண்டு பின்பாதியில் குடியிருந்தோம். ரேடியோ கரகரத்தால் தூசி. எனக்குக் கணக்கில் மார்க் குறைந்தாலும் தூசிதான்.

ஒரு மில் ஆபீஸ் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை அப்பா வாங்கி அந்தத் தூசிக்கு நடுவே வைத்திருந்தார். அதைத் தொடத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மூன்று வருடம் பஸ்ஸில் போய் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்திருந்தாள். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மதுரைக் கம்பெனி ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அப்பா பிடி கொடுக்கவில்லை.

அந்த ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. துணி சுற்றும் மெஷின், கத்தரி, தராசு, அப்பாவின் மொபெட் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். மீந்ததை வீணாக்குவானேன் என்று தண்ணீர் விட்டுக் கரைத்து, மானிட்டரின் தலையில் தாராளமாகப் பூசினேன். அதன் தலை முழுக்கக் காற்றுப் போகும் கீற்றுகள். பூஜையன்று எதையும் ஓட்டக் கூடாது என்பதால் என் பக்தி அன்று வெளியே தெரியவில்லை. மறுநாள் சுவிட்சைப் போட்டதும் டப்பென்று ஒரு சத்தம், கருகல் வாடை. திரை இருண்டுவிட்டது.

அப்பா அக்காவிடம் சொன்னார்: "ஏட்டி, மொதல்ல வீட்ல இருக்கத சரி பண்ணு. பொறவு மதுரையப் பத்திப் பேசுவோம்."

அக்கா மானிட்டரின் முதுகைக் கழற்றினாள். "பிளக்கப் புடுங்குனாலும் உள்ள கரண்டு நிக்கும், தள்ளி நில்லு" என்று என்னை விரட்டிவிட்டு, வயர் கட்டிய ஸ்க்ரூடிரைவரை அந்தப் பெரிய கண்ணாடிக் குழாயின் ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தாள். பட்டென்று பொறி பறந்து, நின்றிருந்த கரண்டு இறங்கியது. போர்டில் வழிந்து காய்ந்திருந்த மஞ்சள் கோட்டை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அழ ஆரம்பித்தேன். குற்றவாளி யாரென்று தெரியும்வரை அப்பா விடமாட்டார். தெரிந்த பிறகு அவருடைய பெல்ட் விடாது.

"சத்தங் காட்டாத" என்றாள் அக்கா.

இரண்டு நாள் வேலை. ஸ்பிரிட்டில் நனைத்த பேண்டேஜ் துணியால் போர்டைத் துடைத்தாள். கருகிப்போன இரண்டு பாகங்களுக்குப் பதிலாக, பழைய டிவி ஒன்றிலிருந்து அளவு பார்த்து எடுத்துப் பற்றவைத்தாள். படம் வந்தது.

அப்பா வந்து நின்று பார்த்தார். "என்னட்டி ஆச்சு இதுக்கு?"

அக்கா ஒரு நொடி என் பக்கம் திரும்பினாள். "பஞ்சுத் தூசிப்பா. அடைச்சிருந்துச்சு."

"இம்புட்டுதானா? தூசி தட்டுததுக்கா மூணு வருசம் படிச்ச? அத இங்கன இருந்தே தட்டு. மதுரைக்கு எதுக்குப் போவணும்?"

அக்கா கழற்றிய ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக முடுக்கினாள்.

தப்பித்துவிட்ட சந்தோஷம் எனக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் பூஜைப் பொரிகடலையை அம்மா ஆளுக்கொரு கிண்ணத்தில் வைத்தபோது அக்கா வேண்டாம் என்றாள். வயிற்றுவலியாக்கும் என்று நினைத்து, அவள் பங்கையும் நானே தின்றேன்.