சோலைமலை அண்ணனின் புத்தகப் பட்டியல்

அந்தத் திங்கட்கிழமை காலை காளவாசல் சிக்னலில் நிற்கும்போது நான் சோலைமலை அண்ணனோடு மனத்துக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாக எங்களுக்குள் பேச்சில்லை. அன்று அலுவலகம் போனதும் அவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்தது, பின்னால் நின்ற மினி பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்தது, கைப்பையில் போன் அடித்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு எடுத்தால் அவருடைய மகள் பூங்கொடி.

"அத்தே, அப்பா போயிட்டாரு."

"எங்க போனாரு?" என்று கேட்டேன். கோபம் இன்னும் என் குரலில் இருந்தது. அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். மேலூர், திருமங்கலம், செக்கானூரணிப் பக்கத்து விவசாயிகள் பலருக்கு அவர் மோட்டார் பார்க்க வருகிற சோலைமலை. எங்கள் பம்ப்செட் நிறுவனத்தில் சர்வீஸ் பிரிவு அவர் பொறுப்பு. எதிர் மேஜையில் உட்கார்ந்து புகார்களைக் கேட்டுப் பதிவது என் வேலை. இருபத்திரண்டு வருடம் அப்படி உட்கார்ந்திருந்தோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முதல் வாரத்திலேயே என்னைத் தங்கச்சி ஆக்கிவிட்டார். அவர் சாந்தமானவர், யார் மனத்தையும் நோகடிக்காதவர் என்றெல்லாம் எழுத என்னால் முடியாது. நான் பழகிய மனிதர்களிலேயே என்னை அதிகம் எரிச்சல்படுத்தியவர் அவர்தான்.

போன விதத்திலும் எரிச்சல்தான். இரண்டு மாதமாக மாடி ஏறினால் மூச்சு வாங்கியிருக்கிறது. வீட்டில் அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறார். டாக்டரிடம் போகலாம் என்று பூங்கொடி கெஞ்சியதற்கு, "மே மாசப் பயணம் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றாராம். மோட்டாரில் லேசாகச் சத்தம் மாறினாலே கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். தன் நெஞ்சை மட்டும் அப்படியே ஓடவிட்டிருக்கிறார்.

பசுமலையில் அவர் குடியிருந்த வாடகை வீட்டிலிருந்து உடலைச் சொந்த ஊரான திருவாதவூருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நானும் என் கணவரும் வண்டியில் போனோம். கோயில் வாசல் வரை எனக்கு வழி தெரியும். நாலைந்து முறை சாமி கும்பிடப் போயிருக்கிறேன். அதற்கு மேல் தெரியவில்லை. டீக்கடையில் கேட்டோம்.

"பம்ப்செட்டு சோலமலையா? கெழக்க போயி கம்மாக்கரைய ஒட்டி எறங்குங்க. கடேசித் தெரு."

அந்தத் தெருவில் கொட்டுச் சத்தம் கேட்ட வீட்டுக்குள் நுழைந்தோம். அவருடைய அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"நீங்கதான் சாந்தியா? எந்நேரமும் ஒங்க பேச்சுத்தான் அவனுக்கு. இம்புட்டு வருசமா ஒண்ணா வேல பாத்துட்டு, இன்னைக்கு வழி கேட்டா வந்தீக?"

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அந்தக் கேள்வி ஏன் அப்படிக் குத்தியது என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் மே மாதப் பயணங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வருடா வருடம் பள்ளி விடுமுறையில் எங்கள் அலுவலகத்து நான்கு குடும்பங்கள் சேர்ந்து வெளியூர் போவோம். எங்கே போவது என்பதை எல்லாரும் பேசி முடிவு செய்வோம். போவதற்கு முன் என்ன படிப்பது என்பதை மட்டும் அண்ணன் முடிவு செய்வார். அது எப்போது விதியானது என்று எனக்கு நினைவில்லை. பிப்ரவரியில் ஆரம்பித்துவிடுவார். சனிக்கிழமைகளில் புத்தகக் கடைகளுக்கும் நூலகத்துக்கும் அலைவார். எந்தப் புத்தகத்தைக் காட்டினாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "அங்க பொறந்தவன் எழுதுனதா, வந்துபோனவன் எழுதுனதா?" வந்துபோனவன் எழுதியது என்றால் அட்டையைக்கூடத் திருப்ப மாட்டார். தேடி எடுத்த மூன்று புத்தகங்கள் வீடு வீடாகச் சுற்றும். ஏப்ரல் கடைசியில் கேள்வி கேட்பார். ஸ்டோர்ஸ் பார்க்கும் ஜாபர் பாய் ஒரு தடவை, "சோலை, நாம லீவுக்குப் போறமா, பரீட்சைக்குப் போறமா?" என்று கேட்டே விட்டார்.

ஒரு வருடம் கொங்கண் கடற்கரைக்குப் போகலாம் என்று எல்லாருக்கும் ஆசை. விடுப்புகூட எழுதிக் கொடுத்துவிட்டோம். தமிழில் அந்தப் பக்கத்தைப் பற்றி அவருக்குப் பிடித்த மாதிரி ஒரு புத்தகமும் அகப்படவில்லை. கிடைத்ததெல்லாம் ஐந்து நாள் தங்கியவர்கள் எழுதிய பயணக் குறிப்பு. "அஞ்சு நாளு தங்குனவன் எழுதுனதப் படிச்சிட்டு நாமளும் அஞ்சு நாளு தங்கப் போறமாக்கும்?" என்று கையை விரித்துவிட்டார்.

"கடலப் பாக்க எதுக்குண்ணே புத்தகம்? கண்ணு போதாதா?" என்றேன்.

"கண்ணு போதும் தங்கச்சி. ஆனா கண்ணுக்கு எதக் காட்டணும்னு ஓட்டல்காரன்ல முடிவு பண்றான்."

அந்த வருடம் கொங்கண் நடக்கவில்லை. கத்திரி வெயிலில் ராமேஸ்வரம் போய்விட்டு வந்தோம். என் கணவர் அதை இன்றுவரை சொல்லிக் காட்டுவார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் சொன்னார். மேலூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் மோட்டார் இறக்குவதைப் பார்க்க நிறுவன ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். அவர் கல்லூரியில் படித்த காலத்தில் வெளியூரிலிருந்து ஒரு கூட்டம் வேனில் திருவாதவூருக்கு வந்ததாம். ஒரு பகல் முழுக்கக் கோயிலைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள், பிறகு ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அமைதியான விவசாயக் கிராமம், குறையில்லாத மக்கள் என்று.

"அந்த வருசம் எங்க தெருவுக்குத் தண்ணி இல்ல தங்கச்சி. அடுத்த தெருக் கொழாயில பிடிக்க விடல. எங்கம்மா ரெண்டு கொடத்தத் தூக்கிக்கிட்டு அவுங்க வேனத் தாண்டித்தான் போச்சு. போட்டோவுல அது இருக்கு, முதுகு மட்டும். எழுத்துல இல்ல." ஜீப்பை விட்டு இறங்கும்போது சொன்னார்: "நானும் ஒரு ஊருக்கு அப்பிடிப் போயிட்டு வந்துரக் கூடாது."

அவருடைய பெற்றோர் சொந்த நிலமில்லாமல் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். நான் உசிலம்பட்டிப் பக்கம் கிணறும் தோட்டமும் உள்ள வீட்டில் பிறந்தவள். அன்று ஜீப்பில் எனக்குக் கண் கலங்கியது. அவர் வீட்டு விசேஷங்களைப் பசுமலையில் வைத்தார், பசுமலைக்குப் போனோம். அந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று மட்டும் நான் கேட்கவே இல்லை.

அவர் சொன்னதெல்லாம் சரியாகவே நடந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். இடுக்கி மலைக்குப் போனபோது, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளியின் மகள் ஒருவர் எழுதிய புத்தகத்தை எங்களுக்குக் கொடுத்திருந்தார். நான் பாதிதான் படித்தேன். அங்கே சரிவில் நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கையில் அவர் மட்டும் இறங்கிப்போய், கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஒங்க லயத்து வீடுகள்ல மழக்காலத்துல சுவரெல்லாம் ஊறுமாமே?"

"யாரு சொன்னா?"

"புத்தகத்துல படிச்சேங்க."

"அப்ப மிச்சத்தயும் புத்தகத்துக்கிட்டயே கேளுங்க. எனக்கு எடை போடுற நேரமாச்சு."

அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் அடக்க முடியாமல் சிரித்தேன். அண்ணன் முகம் சுண்டிப்போனது. வேனில் திரும்பும்போது அந்தப் புத்தகத்தையே புரட்டிக்கொண்டு வந்தார். பிறகு, "படிக்கிறதே போன எடத்துல மடத்தனமாப் பேசாம இருக்கத்தான். நான் படிச்சிட்டும் பேசிட்டேன்" என்றார். தன் தவறை அவர் ஒப்புக்கொண்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஆனாலும் அடுத்த பிப்ரவரியில் மறுபடி பட்டியல் வந்தது.

இந்த வருடம் குடகு. எனக்கு இது சாதாரண வருடம் இல்லை. மாமியார் இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து ஜனவரியில் இறந்தார். அந்த இரண்டு வருடமும் நான் சேர்ந்தாற்போல் நான்கு மணி நேரம் தூங்கியதில்லை. குளிர்ச்சியான ஒரு ஊரில், எனக்கு யாரையும் தெரியாத ஊரில், ஒரு வாரம் தூங்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது. அவர் மூன்று தடித்த புத்தகங்களைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். நான் தொடவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில், ஏப்ரல் முடிவதற்குள் ஒன்றையாவது படிக்காதவர்கள் வர வேண்டாம் என்று எழுதினார். யாரைச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.

"அண்ணே, நீங்க ஊரப் பாக்க வரல. படிச்சதக் காட்ட வாரீங்க. இடுக்கியில காட்டுனது பத்தாதா?" என்று பதில் எழுதினேன்.

எழுதியிருக்கக் கூடாது. இடுக்கியை இழுத்திருக்கவே கூடாது. ஐந்து நிமிடத்தில் அவர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம். எதிரெதிர் மேஜை. வந்த புகாரை நான் ஒரு தாளில் எழுதி அவர் மேஜையில் வைப்பேன். அவர் அதன் கீழே 'பார்த்தாயிற்று' என்று எழுதித் திருப்பி வைப்பார். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். உடனேயே, என் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மனிதரிடம் நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் தோன்றியது. கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் என் மேஜை அருகில் வந்து நின்றார். நான் ஒரு வாடிக்கையாளரோடு போனில் இருந்தேன். இருங்கள் என்று கையைக் காட்டினேன். கொஞ்சம் நின்று பார்த்தார். செய்தித்தாள் சுற்றிய ஒரு புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான்காவது புத்தகமா என்று ஆத்திரம் வந்தது. பிரிக்காமலே இழுப்பறைக்குள் தள்ளினேன்.

திருவாதவூரிலிருந்து வந்து மூன்று நாள் கழித்துத்தான் பிரித்தேன். உள்ளே இருந்தது பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்குமே, அந்த மாதிரி மெலிதான சுற்றுலாக் கையேடு. பார்க்க வேண்டிய இடங்கள், தங்கும் விடுதிகள், பளபளக்கும் அருவிப் படங்கள். வந்துபோனவர் எழுதியதேதான். அவர் அதை எந்தக் கடையில், என்ன முகத்தோடு கேட்டு வாங்கினாரோ. முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து: "தங்கச்சி, சத்தமில்லாத விடுதி நாலு இருக்கு. பக்க முனையை மடிச்சிருக்கேன். நல்லாத் தூங்கு."

எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவை அவர் விட்டுக்கொடுத்தார். அதை என்னிடம் வாயால் சொல்ல அரை நிமிடம் நின்றார். நான் கையைக் காட்டினேன்.

வீம்புக்கு, அவர் முதலில் கொடுத்த மூன்றில் ஒன்றை எடுத்து ஐந்து நாளில் படித்து முடித்தேன். குடகில் பிறந்த ஒருவர் எழுதிய நாவலின் மொழிபெயர்ப்பு. சகிக்கவில்லை. முதல் நாற்பது பக்கம் வம்சக் கதை. யார் யாருக்கு மாமன் என்று எனக்கு இன்னும் தெரியாது. நடுவில் காப்பித் தோட்டத்துக் கூலி வீடுகளைப் பற்றி ஒரே ஒரு அத்தியாயம் நன்றாக இருந்தது. இதைச் சொல்லி அவரோடு ஒரு மதியம் முழுக்க மல்லுக்கு நிற்கலாம். எதிர் மேஜையில் இப்போது யாரும் இல்லை.

பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், அப்பா அதற்காகத்தான் டாக்டரையே தள்ளிப்போட்டார் என்று பூங்கொடி சொல்லிவிட்டாள். அதற்கு முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்காவைப் பார்க்கத் திருவாதவூர் போகிறேன். இனிமேல் வழி கேட்க வேண்டியதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

போன வாரம் என் கணவர் குடகு விடுதி ஒன்றின் படங்களைப் போனில் காட்டிக்கொண்டிருந்தார். மலைச்சரிவு, மரவீடு, மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு. "எம்புட்டு அமைதியா இருக்கு பாரு. ஒனக்கு இதான் சரி" என்றார்.

யோசிப்பதற்குள் என் வாயிலிருந்து வந்துவிட்டது: "அந்த விரிப்ப விரிக்கிற பொம்பளைக்கு வீடு எங்கிட்டு?"

அவர் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சோலை அண்ணன் போயிட்டாருன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

சோலைமலை அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். ஒரு அழகான படத்தைக்கூட நிம்மதியாகப் பார்க்க விடாத இந்த எரிச்சல். கொஞ்ச நாளில் அடங்கிவிடும் என்று என் கணவர் சொல்கிறார். அடங்கிவிடுமோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.