முகத்தைக் கடைசியில் வைத்தேன்

1. கண்டக்டர் வந்த நாள்

கள்ளக்குறிச்சியில் என் ஸ்டுடியோவுக்கு ஆரோக்கியம் வந்தபோது நான் தலைக்கனத்தில் இருந்தேன். என் ஆயில் பெயின்டிங்குகளுக்குச் சென்னையில் அப்போதுதான் பெயர் வர ஆரம்பித்திருந்தது. ஆளை எதிரே உட்கார வைத்துத்தான் வரைவேன், போட்டோவைத் தொட மாட்டேன். கை, புடவை, நாற்காலி எல்லாம் முடித்துவிட்டு முகத்தைக் கடைசியில் போடுவேன். அதுதான் என் ஸ்டைல் என்று யாரோ ஒருவர் பத்திரிகையில் எழுதிவிட்டார். நானும் அதையே பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

ஆரோக்கியம் வெள்ளிமலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு கச்சிராயபாளையத்தில். மனைவி லூர்து மேரிக்கு உடம்பு சரியில்லை என்றார்.

"டாக்டரு நாள் கம்மின்னுட்டாருங்க. போட்டோ எல்லாத்துலயும் மொறச்சிக்கினே இருக்கா. வூட்டுல அப்படி இல்லிங்க, சிரிப்பா. அந்தச் சிரிப்பு வேணும் சார்."

"போட்டோல இல்லாதத காட்டத்தான நான் இருக்கறேன்" என்றேன். வாயில் சனி உட்கார்ந்தால் இப்படித்தான் பேச்சு வரும்.

2. நாலு நாள்

அவர்கள் வீட்டுக்கே போய் வரைந்தேன். அந்த அம்மா நோயாளி மாதிரியே பேசமாட்டார்.

"இன்னா சார், மூணு நாளா பொடவையே போட்டுக்கினு கீறீங்க. ஜவுளிக்கடை வெக்கப் போறீங்களா?"

கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொள்வார். இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் புடவைக் கரைக்கு ஹைலைட் வைத்தேன்.

நாலாம் நாள் ஆரோக்கியம் வாசல் வரை கூட வந்தார். "மூஞ்சிய மொதல்ல போட்டுடுங்களேன் சார்" என்றார்.

"அடி கோட்டு காயணுங்க. காயாம மேல போட்டா பின்னாடி வெடிச்சிடும்" என்றேன்.

தொழில்படி அது சரிதான். ஆனால் முகம் வரவேண்டிய இடம் வெறும் கேன்வாஸாகத்தான் கிடந்தது. அங்கே காய்வதற்கு ஒன்றுமே இல்லை. அவருக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். மறுநாள் ஒரு கண்காட்சிக்காகச் சென்னைக்குப் பஸ் ஏறினேன்.

3. படம் கொடுத்த நாள்

சென்னைக்குப் போன பதினோராம் நாள் போன் வந்தது. திரும்பி வந்து அடக்கத்தில்தான் நின்றேன்.

பிறகு ஆரோக்கியம் கொடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கன்னத்துக் குழியை ஞாபகத்திலிருந்து போட்டேன், துடைத்தேன், மறுபடி போட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ ஒரு பெண்தான் வந்தாள். கடைசியில் போட்டோவில் இருந்த முகத்தையே போட்டு முடித்தேன்.

ஆரோக்கியம் படத்தை வெகுநேரம் பார்த்தார். என் மனம் நோகக் கூடாதென்று நினைத்திருப்பார்.

"போட்டோ மாதிரியே இருக்குங்க" என்றார்.

இன்றுவரை அந்த வார்த்தை என்னை விடவில்லை. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எதிரே ஆள் உட்கார்ந்தால் முதல் நாளே முகத்தை வரைந்துவிடுங்கள். புடவை எங்கேயும் போய்விடாது. லூர்து மேரி கட்டிக்கொண்டு உட்கார்ந்த அந்தப் பச்சைப் புடவை, இன்றைக்கும் அந்த வீட்டு பீரோவில் மடித்தபடி இருக்கிறது.