கெட்டிமேளத்துக்குக் கை காட்டியவர்

கனடாவில், மொன்றியல் நகரின் நோர் பகுதியில் நாங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர், ஓர் இத்தாலியக் கிழவர், தனியாக இருந்தார். இளமையில் தன் நாட்டில் பாட்டெழுதி மெட்டமைத்து, தொலைக்காட்சியில் பெரிய வாத்தியக் குழுக்களை நடத்தியவராம். பாடியவர்களுக்குப் பேர் வந்தது, எழுதியவரை ஊர் மறந்தது. கிற்றார்க்காரர் நால்வர் போதும் என்ற காலம் வந்ததும் இவர் இங்கே வந்து கலியாண மண்டபங்களில் குழு நடத்தினார். கடைசியில் ஒற்றைக் கீபோர்ட் அந்தக் குழுவையும் விழுங்கிவிட்டது. "நான் கையை உயர்த்தினால் நாற்பது பேர் ஒரே மூச்சில் தொடங்குவார்கள்" என்று பிரெஞ்சில் எனக்குச் சொல்லுவார். ஒன்பது வயதில் எனக்கு அவருடைய பாதாம் பிஸ்கட்டில்தான் கவனம்.

அந்தக் கோடையில் சித்திக்குக் கலியாணம். அப்பா அவரையும் அழைத்திருந்தார். பழைய கறுப்புக் கோட்டோடு வந்து முன்வரிசையில், ரொறன்ரோவிலிருந்து வந்த மேளகாரருக்கு நேர் எதிரே இருந்தார். அம்மா என்னை அவருக்குப் பக்கத்தில் இருத்தி, "எல்லாத்தையும் அவருக்கு விளங்கப்படுத்து பிள்ளை" என்றார். நான் விளங்கப்படுத்தியதைவிடக் குளிர்பானம் குடித்தது அதிகம். முக்கியமான ஒன்றை மறந்தே போனேன். தாலி கட்டும் நேரம் யாராவது கையை உயர்த்தி ஆட்டினால் மேளகாரர் கெட்டிமேளம் கொட்டுவார்கள். தும்மலோ வேண்டாத சொல்லோ அந்த நேரத்தில் காதில் விழக் கூடாதல்லவா.

தாலித் தட்டு ஆசிக்காகச் சபையில் சுற்றிக்கொண்டிருந்தது. நாதஸ்வரம் மெல்ல இழைந்தது. கிழவர் கண்ணை மூடியிருந்தார். அவருடைய வலது கை மடியிலிருந்து தானாக எழும்பி, விரல்கள் ஒருமுறை அசைந்தன. அவ்வளவுதான், இரண்டு தவிலும் முழங்கின. பின்வரிசைக்காரர் அட்சதையை எறிந்தே விட்டார்கள். சித்தி திடுக்கிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் மாமா எழும்பினார். "ஆர் கை காட்டினது? தாலி இன்னும் கட்டேல்லை."

சகுனப் பிழை என்று அந்தப் பக்கம் முணுமுணுத்தது. சித்தியின் கண் நிரம்பிவிட்டது. அப்பா என்னிடம் ஓடி வந்தார்.

"ஆரெண்டு கண்டனியோ பிள்ளை?"

"இல்லையப்பா" என்றேன். சொன்னால் கிழவரை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயமாக இருந்தது.

"மேளம் ரெண்டு தரம் கேட்டால் ஒண்டும் குறையாது" என்று ஐயர் சமாளித்தார். தாலி ஏறியது, மேளம் மறுபடி முழங்கியது.

கிழவர் என் பக்கம் குனிந்தார். "முதலில் ஏன் தொடங்கினார்கள்?"

"உங்கள் கையைப் பார்த்துத்தான்."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணீர் வழிந்தது. வெட்கத்தில் அழுகிறார் என்று எனக்கு நெஞ்சு உருகிப் போனது. "ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் என் தலையைத் தடவினார்.

அதன்பின் தன்னைப் பார்க்க யார் வந்தாலும் என்னைக் கீழே கூப்பிட்டு, "அந்தக் கலியாணத்தைப் பற்றிச் சொல்" என்பார். நான் சித்தியின் கூறைச் சேலையைச் சொல்வேன், சாப்பாட்டைச் சொல்வேன். கையைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டேன். வாக்கைக் காப்பாற்றிய பெருமையோடு அவரை நிமிர்ந்து பார்ப்பேன். நான் முடித்த பிறகும் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.