மற்றப் பாகம்

என் அக்கா மயிலாளின் கணவர் ஆத்தப்பன், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சினிமா, சீட்டாட்டம் எதுவும் கிடையாது. பழைய தோட்டப் புத்தகங்கள் என்றால் மட்டும் பைத்தியம். பேப்பர் கடை, சாமான் ஏலம் விடும் வீடு என்று அலைந்து, மரம் நடுவதைப் பற்றி அந்தக் காலத்தில் அச்சான நாற்பது புத்தகங்களைச் சேர்த்துவிட்டார். அவர் நட்டதில் ஒரு செடிகூடப் பிழைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

காரணம் கிணறு. அத்தனையும் உப்புத் தண்ணீர். அக்கா அமராவதி வாய்க்கால் ஓரத்தில் பிறந்தவள். கோடை வந்தால் ஒரு கை நிழலுக்கு ஏங்கிப்போவாள். மச்சான் அலைந்ததெல்லாம் அவளுக்காகத்தான்.

அந்த நாற்பதில் ஒன்றுக்கு அட்டை கிடையாது. கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. நடுவில் ஒரு வரி: ‘உவர்நீரில் மரம் வளர்க்கும் விதம் மற்றப் பாகத்திற் காண்க.’ முதல் பக்கத்தின் உச்சியில் தனியாக ஒரு ‘௨’. பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குவது முதல் பாகமாகத்தானே இருக்கும்? ஆகவே இரண்டாம் பாகத்தைத் தேடினார். ஒரு வருஷம் இரண்டு வருஷமல்ல, பதின்மூன்று வருஷம்.

1969இல் பேப்பர் கடை கன்னையன் ஓடி வந்தார். “நீங்க தேடுன ரண்டாம் பாகம் சிக்கிருச்சுங்க!”

அட்டையில் ‘இரண்டாம் பாகம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மச்சான் பிரித்தார். உச்சியில் அதே ‘௨’. கீழே அதே வரிகள். பக்கத்துக்குப் பக்கம் அவரிடம் இருந்த அதே புத்தகம்! அது சுழி இல்லை, தமிழ் எண் இரண்டு. தேடியிருக்க வேண்டியது முதல் பாகம். பழைய புத்தகத்திலேயே குடியிருந்த மனுஷனுக்கு இது தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது.

“அவிநாசி வாத்தியாரு சும்மாவே தாரேன்னாரு. நாந்தான் வேண்டாம்னுட்டேன்” என்றார் மச்சான்.

அது ஐம்பத்தெட்டில். சிவசுப்பிரமணியம் வாத்தியார் முதல் பாகத்தைக் கொடுக்க வந்தபோது, ‘எங்கிட்ட இருக்குதுங்க’ என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா, மச்சான், நான் மூவரும் அவிநாசிக்குப் பஸ் ஏறினோம். வாத்தியார் காலமாகிவிட்டிருந்தார். அவர் மகள் சுப்புலட்சுமிதான் இருந்தாள்.

“பொஸ்தகமெல்லாம் மழையில நனஞ்சு போச்சுங்க. எடைக்குப் போட்டுட்டோம். அதுல மரம் வெக்கற பொஸ்தகத்தத் திருப்பூர்க்காரரு ஒருத்தரு வேண்டாம்னுட்டாராம். அதுக்கப்புறந்தான் அப்பா அதப் பிரிச்சே பாத்தாரு. பாத்துட்டு இத நட்டாரு.”

அவள் காட்டிய கொல்லையில் ஒரு புங்கமரம் பந்தல் போட்டதுபோல் பரந்து நின்றது. அங்கேயும் உப்புக் கிணறுதான்.

“எப்படி நட்டாருங்க?” என்று கேட்டார் மச்சான்.

“அது அப்பாவுக்குத்தானுங்க தெரியும்.”

அக்கா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மச்சான் இரண்டு தரம் கூப்பிட்டார்.

“இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கறனுங்க” என்றாள். “ஊட்டுக்குப் போனா வெயில்தானுங்களே.”

அன்றைக்கு மூன்று பஸ்ஸை விட்டோம்.