ரோலர் ரூமில் ஒரு ஹெட்செட்

"அத்த, எனக்கு ஒரு ஹெட்செட் வாங்கணும். நல்லதா இருக்கணும், ஆனா வெலை கம்மியா!"

ஓணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் வந்த போன். பேசியது என் அண்ணன் மகள் பவித்ரா. நான் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் பிடித்திருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"இதுக்கென்னட்டி, பாலக்காடு பஸ் ஸ்டாண்டுக்கு வெளிய கூடையில கொட்டி விக்கான். என்ன கலர்னு மட்டும் சொல்லு" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அய்யோ அத்த... பாட்டு கேக்கதுக்கு இல்ல. பிளேன் ஓட்டுததுக்கு!"

ஆமாம், மறந்தே போனேன். சூரியநெல்லி எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்த எங்கள் பவித்ரா பைலட் ஆகப் படிக்கிறாள். ஸ்காலர்ஷிப் கிடைத்து, வெளியூரில் ஒரு பயிற்சிப் பள்ளியில். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, குட்டி விமானம் ஓட்டிக்கொண்டிருந்தாள். அடுத்தது சோலோ. அதாவது, பக்கத்து சீட் காலி... இவள் மட்டும் தனியாக ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி இறக்க வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் முடித்துவிட்டார்கள். இவளுக்கு மட்டும் தடை.

காரணம்? "நீ ரேடியோவில பேசுறது ஏர்போர்ட் டவர்காரங்களுக்குப் புரியவே மாட்டேங்குது. அது சரியாகிற வரைக்கும் சோலோ கிடையாது" என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

பள்ளியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஹெட்செட். பஞ்சு கிழிந்தது, பட்டை தளர்ந்தது, ஊர்ப்பட்ட தலைகளின் எண்ணெய் வாசம் அடிப்பது. குற்றவாளி அதுதான் என்று இவள் தீர்ப்பு எழுதிவிட்டாள். நியாயமாகத்தானே பட்டது?

நானும் சளைக்காமல் இதைப் பற்றிப் படித்தேன். இப்போது என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். விமான ஹெட்செட்டில் இரண்டு ரகம். ஒன்று, பஞ்சும் ஜெல்லுமாகக் காதை இறுக்கி மூடி, சத்தத்தை உள்ளே விடாமல் தடுப்பது. இன்னொன்று, பேட்டரி போட்டு, வருகிற இரைச்சலுக்கு எதிர் இரைச்சல் உண்டாக்கி அமுக்கிவிடுவது. முதல் ரகத்தின் விலையைக் கேட்டால் பெருமூச்சு வரும். இரண்டாவதன் விலையைக் கேட்டால் மூச்சே வராது.

ஓண லீவுக்கு சூரியநெல்லி போனேன். பவித்ராவும் வந்திருந்தாள், இரண்டு ஹெட்செட்டோடு. சீனியர் ஒருவர் விற்க நினைத்த பழைய பஞ்சு ரகம் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்கத் தோழியிடம் இரவல் வாங்கிய பேட்டரி ரகம் ஒன்று.

வீட்டுக்குள் மாட்டிப் பார்த்தால் இரண்டுமே ஒசத்தி! கடையில் செருப்பு போட்டு நாலடி நடந்து பார்ப்பது மாதிரிதான். கடிக்குமா, கடிக்காதா என்று வெயிலில் நடந்தால்தானே தெரியும்?

அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஊட்டுக்குள்ள வச்சுப் பாத்தா என்னத்த தெரியும்? நம்ம பேக்டரிக்கு வா!" என்று ஒரு போடு போட்டான். வெளியே மேய்ந்துகொண்டிருந்த கோழி பதறி ஓடியது.

இங்கேதான் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

அண்ணன் தேயிலை பேக்டரியில் ஃபிட்டர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ரோலர் ரூமில் சேர்ந்தவன். கொழுந்தை அரைக்கிற இயந்திரங்கள் ஓடும் கூடம் அது. உள்ளே நுழைந்தால் நம் மனசுக்குள் நினைப்பது நமக்கே கேட்காது. அந்தக் காலத்தில் காதுக்குப் பாதுகாப்பு என்றால் ஒரு துணுக்குப் பஞ்சு. அதையும் பாதிப் பேர் வைக்க மாட்டார்கள். அண்ணன் அந்தப் பாதியில் இருந்தான். வருஷம் போகப் போக அவன் காதும் போனது.

அதற்கு முன்னால் அவன் எப்படிப் பேசுவான் தெரியுமா? அத்தனை மெதுவாக! மலைக் குளிரில் ஒரே கம்பளிக்குள் நாங்கள் இரண்டு பேரும் சுருண்டு கிடப்போம். சின்னக்கானல் ரோட்டில் யானை நின்ற கதை, யாருக்கும் தெரியாமல் வெல்லம் எடுத்துத் தின்ற கதை... எல்லாம் என் காதோரம் கிசுகிசுவென்று சொல்வான். அவன் மூச்சுக்காற்றின் சூடு இன்னும் என் காதில் இருக்கிறது. ரோலர் ரூம் அந்தக் குரலை வாங்கிக்கொண்டது. கிசுகிசுத்தால் கேட்காத ஒருவனிடம் யார் ரகசியம் சொல்வார்கள்?

அப்புறம் எங்கள் வீட்டில் எல்லாமே கத்தல்தான். கோபத்தில் இல்லை, பாசத்தில். ரகசியம் என்ற பொருளே எங்கள் வீட்டில் கிடையாது. மதினி மாசமாக இருக்கிற சேதியை அண்ணனிடம் சொன்னபோது, லயத்தின் கடைசி வீட்டிலிருந்து "இனிப்பு எங்க?" என்று குரல் வந்தது.

நான் கல்யாணமாகிப் பாலக்காட்டுப் பக்கம் மீனாட்சிபுரம் வந்த புதிதில் அண்ணனிடம் போனில் பேசினேன். மாமியார் மாட்டுக் கொட்டகையிலிருந்து பால் செம்போடு ஓடி வந்தார்.

"ஏங்கண்ணு, ஆருகூடச் சண்ட?"

"சண்டையெல்லாம் இல்லீங்கத்தை. எங்கண்ணன்கிட்ட, நல்லா இருக்கியான்னு கேட்டனுங்க."

அவர் முகத்தில் நம்பிக்கையே இல்லை. பல நாள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

சரி, பேக்டரிக்கு வருவோம். பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி ரோலர் ரூமுக்குள் போனோம். பஞ்சு ரகத்தை மாட்டிய பவித்ரா முகம் சுளித்தாள். இரைச்சல் உள்ளே வந்தது. பார்த்தால் மூக்குக் கண்ணாடிதான் காரணம்! அவள் கண்ணாடியின் தடித்த காம்பு பஞ்சுக்கும் காதுக்கும் நடுவே சந்து உண்டாக்கியிருந்தது. என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். மெல்லிய கம்பிக் காம்பு. சந்து அடைபட்டது, இரைச்சல் பாதியாகிவிட்டது. கண்ணாடி போடும் பிள்ளைகளே, ஹெட்செட் வாங்கும் முன் உங்கள் கண்ணாடிக் காம்பைத் தடவிப் பாருங்கள்.

அடுத்தது மைக். ஒரு அடாப்டர் போட்டுப் போனோடு இணைத்து, ரேடியோவில் பேசுவது போலப் பேசிப் பதிவு செய்தாள். வெளியே வந்து போட்டுக் கேட்டோம்.

கர்ர்ர்... கொர்ர்ர்... ஒரு எழுத்து புரிய வேண்டுமே! பேட்டரி ரகத்தை மாட்டி மறுபடி உள்ளே போனாள். அதிலும் அதே கர்ர்ர், கொர்ர்ர்.

பவித்ராவின் முகம் வாடிவிட்டது. "வெலை கூடின செட்டும் இப்படித்தான்னா... என் சோலோ அவ்வளவுதான் அத்த."

"இன்னொருக்கப் பேசு, பாப்போம்" என்று கூட்டிப் போனேன். இந்தத் தடவை ஹெட்செட்டை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஏட்டி, நீ ஏன் கத்துத?"

"நான் எங்க கத்துதேன்? சாதாரணமாத்தான பேசுதேன்!" என்று கத்தினாள்.

கிழிந்தது போங்கள்! எங்கள் வீட்டில் அதுதானே சாதாரணம்? உதட்டை ஒட்டினாற்போல மைக். இன்ஜின் இரைச்சலுக்கு நடுவிலும் மெல்லிய குரலைப் பிடிப்பதற்கென்றே செய்தது. அதற்குள் போய் இடி மாதிரி முழங்கினால் பாவம், அது என்ன செய்யும்? டவர்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு பிழைத்திருக்கிறார்கள். இந்தத் தப்பை எங்கள் வீட்டுப் பிள்ளையைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

"மெதுவாப் பேசு" என்றேன். அதுதான் அவளுக்கு வரவில்லை. இரைச்சலைக் கண்டதும் குரல் தானாக ஏறியது. சிரித்தாள், திணறினாள், மறுபடி முயன்றாள். கடைசியில் வந்தது ஒரு குரல். பதிவைப் போட்டால் ஒவ்வொரு எழுத்தும் துல்லியம். பஞ்சு ரகத்திலேயே! எனக்கு அதைக் கேட்டதும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த பெண், அவளுடைய அசல் குரலை அன்றைக்குத்தான் கேட்கிறேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவள் பேக்டரி முற்றத்து மூலைக்குப் போனாள். எங்களுக்கு முதுகு காட்டி நின்று, மைக்கில் என்னவோ பேசிப் பதிவு செய்தாள். திரும்பி வந்து ஹெட்செட்டை அண்ணன் தலையில் மாட்டி, சத்தத்தை முழுக்க ஏற்றிப் போட்டுவிட்டாள்.

அண்ணன் முகம் மாறியது. இரண்டு கையாலும் ஹெட்செட்டோடு சேர்த்துக் காதுகளைப் பொத்திக்கொண்டான். "இன்னொரு தடவ போடு." போட்டாள். கண் கலங்கியது அவனுக்கு. அப்புறம் போட்டான் பாருங்கள் ஒரு சத்தம்...

"பயமா இருக்கா? தனியா ஏறதுக்கு எதுக்குத்தா பயப்படுத? அப்பா இருக்கேம்லா!"

கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா! மெதுவாப்பா!" பவித்ரா வெட்கத்தில் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

பாருங்கள்... அவள் டவரிடம் ஏன் அப்படிக் கத்தினாள் என்று இத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்தோம். அப்பாவிடம் எதைச் சொல்லாமல் வைத்திருந்தாள் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. வெற்றியைக் கத்திச் சொல்லலாம், சண்டையைக் கத்திப் போடலாம். பயத்தைக் கத்திச் சொல்ல முடியுமா? அதுவும் லயமே கேட்கிற மாதிரி?

திரும்பி நடக்கும்போது அண்ணன் என் பக்கத்தில் வந்தான். "பாப்பா கொரலு இம்புட்டு மெதுவாவா இருக்கும்? நாம கம்பளிக்குள்ள பேசுவோமே... அது மாதிரில்லா இருக்கு" என்றான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

பஞ்சு ரகத்தையே வாங்கிவிட்டோம். கூடவே மெல்லிய காம்பில் ஒரு கண்ணாடி. பவித்ரா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசிப் பழகினாள்.

போன வாரம் அவளிடமிருந்து போன். பழக்க தோஷம், ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். நல்ல வேளை.

"அத்த! தனியாப் போய்ட்டு வந்துட்டேன்! டவருக்கு எல்லாமே புரிஞ்சுது!"

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"மொதல்ல அவர்கிட்டத்தான்!"

உடனே மதினியைக் கூப்பிட்டேன். ஹலோ சொல்லக்கூட நேரமில்லையாம் அவளுக்கு. லயத்தின் கடைசி வீட்டிலிருந்து, "இனிப்பு எங்க?" என்று கேட்டுக்கொண்டு ஆள் வந்தாயிற்று.