ஓட்டாத ஜீப்புக்கு ஒரு சான்றிதழ்

1. ஐ.நா. அமைதிப்படைக்குக் காவல் அலுவலர்கள் தேவை என்று சுற்றறிக்கை வந்தது. பெண்கள் அதிகம் விண்ணப்பிக்க வேண்டும் என்ற வரியை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.
2. நான் விண்ணப்பித்தேன்.
3. தேர்வில் ஜீப் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பதால், பழகுவதற்கு அலுவலக ஜீப்பைக் கேட்டேன்.
4. ஜீப் தரவில்லை.
5. அந்த ஜீப்பை நான் பல ஆண்டுகளாக ஓட்டிவருவதாகச் சான்றிதழ் தந்தார்கள்.

நான்கையும் ஐந்தையும் இடம் மாற்றி எழுதிப் பார்த்தேன். அப்போதும் அசிங்கமாகத்தான் இருந்தது.

நான் காவல்துறையின் தொழில்நுட்பப் பிரிவில் உதவி ஆய்வாளர். படித்தது மின்னணுப் பொறியியல். வீடு சங்கரன்கோவிலில். அலுவலகம் ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். வயர்லெஸ் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஜீப்பில் வயர்லெஸ் செட் பழுதானால் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுச் சரிசெய்வேன். அந்த இருக்கையில் எத்தனையோ மணி நேரம் இருந்திருக்கிறேன். வண்டி ஒரு அடி நகர்ந்ததில்லை.

அமைதிப்படைத் தேர்வில் மூன்று பகுதிகள்: ஆங்கிலம், துப்பாக்கி, வண்டி. ஆங்கிலம் பிரச்சினையில்லை. சுடுவதும் சுமாராக வரும். வண்டி என்பது கியர் போட்டு ஓட்டும் கனமான ஜீப். பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். கூம்பில் இடித்தாலோ, வண்டி அணைந்து அணைந்து நின்றாலோ வீட்டுக்குப் போகலாம். என்னிடம் உரிமம் இருந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சின்னக் காரில், பள்ளிக்காரரின் கால் பாதி வேலையைச் செய்ய, ஊரில் எல்லோரும் வாங்குவதுபோல வாங்கிய உரிமம்.

எனக்கு முன்பு எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் தேர்வுக்குப் போனார்கள். இருவரும் ஜீப்பில் தோற்றுத் திரும்பினார்கள். அதில் ஒருவரிடம் போய் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"கிளட்ச் இவ்வளவு கனமா இருக்கும்னு எவன் சொன்னான் எங்கிட்ட?" என்றார். "மொதக் கூம்பு வரைக்கும்கூடப் போகல. ரெண்டு தரம் அணைஞ்சுது. எறங்குங்கன்னுட்டாங்க."

அவரிடமும் சான்றிதழ் இருந்தது.

அந்த ஆண்டு எங்கள் அலுவலகம் மேலே அனுப்பிய அறிக்கையில், இரண்டு பெண் அலுவலர்கள் சர்வதேசப் பணிக்கான தேர்வுக்கு ஊக்குவித்து அனுப்பப்பட்டனர் என்று இருந்தது. பொய் இல்லை. அவர்களை அனுப்பினார்கள் என்பது உண்மை. எதைத் தராமல் அனுப்பினார்கள் என்று எழுதுவதற்கு அறிக்கையில் கட்டம் கிடையாது.

ஜீப்பை முதலில் ஓட்டுநர் ஏட்டிடம்தான் கேட்டேன். பதவியில் நான் அவருக்கு மேல். அது சாவிக்குத் தெரியாது.

"ஐயா சொன்னா தாரேம்மா. எனக்கென்ன?" என்றார்.

ஐயா எங்கள் அதிகாரி. அவரிடம் போனேன். "ஏட்டையா சரின்னா எனக்கு ஆட்சேபணை இல்லம்மா" என்றார். திரும்ப ஏட்டிடம் வந்தேன்.

"பள்ளம் விழுந்தா யாரும்மா பதில் சொல்லுதது?"

அந்த ஜீப்பில் அப்போதே மூன்று பள்ளங்கள் இருந்தன. முன் பம்பரில் ஒன்று, வாழைக்காய்த் தள்ளுவண்டியில் மோதியது. இடது கதவில் ஒன்று, ஐயா வீட்டு கேட்டில் உரசியது. பின்னால் இருப்பது எங்கே விழுந்தது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றும் ஆண்கள் ஓட்டும்போது விழுந்தவை. ஆகவே அவை விபத்து. நான் இன்னும் போடாத நான்காவது பள்ளம்தான் அரசுச் சொத்துக்குச் சேதம். இத்தனைக்கும் அந்த ஜீப் தினமும் காலையில் ஐயா வீட்டுக்கு மீன் வாங்கப் போய்வருகிறது. பதிவேட்டில் அதற்குப் பெயர் ரோந்து.

மகளிர் தினத்தன்று ஐயா பேசினார். ஐ.நா.வின் நீலத் தொப்பி அணிந்த நம் பெண்கள் உலகத்துக்கே அமைதியைக் கொண்டு போவார்கள் என்றார். போர் நடந்த நாடுகளில் பெண்களும் குழந்தைகளும் ஆண் காவலரிடம் சொல்லத் தயங்குவதைப் பெண் காவலரிடம் சொல்வார்கள் என்றார். அது சரியான பேச்சு. நான் விண்ணப்பித்ததற்கும் அதுதான் காரணம். அதே வாய் அதைச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கைதட்டல் முடிந்ததும் எழுத்து மூலமாக மனுக் கொடுத்தேன்: நாளுக்கு அரை மணி நேரம், அலுவலக வளாகத்துக்குள் மட்டும், ஏட்டு உடன் இருக்க, ஜீப் ஓட்டிப் பழக அனுமதி வேண்டும். படித்துவிட்டு, உண்மையாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

"சர்டிபிகேட்தான் போட்டாச்சே. அப்புறம் வண்டி எதுக்கும்மா?"

போட்டது ரைட்டர். அலுவலகத்தின் எழுத்து வேலை முழுவதும் அவர் கையில். சான்றிதழை வாங்கிப் படித்தேன். முன்பு போனவருக்குத் தயாரித்ததையே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். அதன்படி நான் காவல்துறையில் சேர்வதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே காவல்துறை ஜீப்பைத் திறம்பட ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, தேதியப் பாருங்க. நான் அப்ப வேலையிலேயே இல்ல."

"அங்கன எவன் உக்காந்து தேதி பாக்கப் போறான்? சரி, மாத்தித் தாரேன். வேலைக்குச் சேந்த அன்னைக்கிலேருந்து ஓட்டுதீயன்னு போட்டுருவோமா?"

"ஓட்டவே இல்லன்னு போடுங்க."

"ஏம்மா, நல்லது செய்யப் போனா வம்பு பேசுதீய! அப்படிப் போட்டா ஃபைலே நகராது. ஸ்கூட்டி மிதிக்கிற கால வச்சிக்கிட்டு ஜீப்பப் போய் மிதிச்சிப் பழகணும்னு என்ன ஆச?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இருவருக்கு ஜீப் ஓட்டத் தெரியாது. செட் மாட்டப் போகும்போது பார்த்திருக்கிறேன், வண்டியைத் தள்ளி நிறுத்தக்கூட ஓட்டுநரைத்தான் கூப்பிடுவார்கள். சான்றிதழை மேஜையிலேயே வைத்தேன். விண்ணப்பத்தில் துறை வாகனம் ஓட்டிய அனுபவம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். ரைட்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் கோப்பை நிறுத்தி வைக்க அவருக்கு மனமில்லை; அனுப்பிய பெண்களின் எண்ணிக்கையில் ஒன்று குறையுமே.

தேர்வுக்கு ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

கல்லூரியில் என்னோடு படித்தவள் ஒருத்தி கரிவலம்வந்தநல்லூரில் இருக்கிறாள். அவள் குடும்பம் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வாடகைக்கு விடுகிறது. வேலைக் கணக்கும் வண்டிகளும் அவள் பொறுப்பு. அவர்களிடம் ஒரு பழைய டீசல் ஜீப் உண்டு. விஷயத்தைச் சொன்னதும், "கேக்கவா செய்யணும், வா ஏட்டி" என்றாள்.

கூம்புக்குப் பதில் பெயிண்ட் வாளிகள். அறுத்துக் காய்ந்த வயலில் இரண்டு வரிசையாக வைத்தாள். முதல் ஞாயிறு ஒன்பது முறை வண்டி அணைந்தது. நான்கு வாளிகள் சப்பையாயின. கிளட்ச்சை முழுவதும் மிதிக்க இருக்கையின் நுனிக்கு வர வேண்டியிருந்தது. சான்றிதழை நம்பிப் போயிருந்தால் எனக்கும் முதல் கூம்புதான். என் திறமையைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணமும் அந்தச் சான்றிதழைவிடப் பெரிய உண்மையில்லை.

"ஏட்டி, வாய்க்குள்ள என்ன முணுமுணுக்க?"

"வரிசையாச் சொல்லிக்கிடுதேன். கிளட்ச், கியர், கண்ணாடி, ரிலீஸ்."

"வண்டிக்கு உன் லிஸ்ட் தெரியாது. சத்தத்தக் கேளு. எறங்குத சத்தம் வந்தா அது சாகப் போவுது. அதுக்கு முந்தி கிளட்ச்ச மிதி."

வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டுக் கத்தினார்: "ஏ போலீஸம்மா! வாளியப் பூரா நசுக்கியாச்சின்னா சொல்லுங்க, ஆட்ட ஓட்டிட்டுப் போயிருதேன்!"

அந்தக் கேலி எனக்கு உறைக்கவில்லை. அவர் என்னை ஓட்டாதே என்று சொல்லவில்லை. பார்த்து ஓட்டச் சொன்னார். நான்காவது ஞாயிறு முன்னோக்கி ஒரு வாளியும் விழவில்லை. பின்னோக்கி வர ஆறாவது ஞாயிறு ஆனது. ஏழாவது ஞாயிறு மழை; சேற்றில் ஓட்டினேன். "இப்ப போ" என்றாள் தோழி.

தேர்வு வடக்கே, பெரிய மைதானத்தில். பல மாநிலப் பெண்கள் வந்திருந்தார்கள். சிலருக்கு அவர்கள் அலுவலகமே வண்டியும் பயிற்றுநரும் கொடுத்திருந்தது. அவர்கள் இதைச் சாதாரணமாகச் சொன்னார்கள். எங்கள் அலுவலகத்தை நினைத்து எனக்குக் கோபம்கூட வரவில்லை; கோபம் என்பது ஓரளவு மரியாதை. என் முறை வந்ததும் தேர்வாளர் கோப்பைப் புரட்டவில்லை. சாவியை நீட்டினார். கிளட்ச் தோழியின் ஜீப்பைவிட லேசாக இருந்தது. கூம்புகள் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. ஆங்கிலமும் துப்பாக்கியும் அடுத்தடுத்து முடிந்தன. மூன்றிலும் தேறினேன்.

திரும்பி வந்த அன்று ஐயா எனக்குப் பொன்னாடை போர்த்தினார். ரைட்டர் தன் மேற்பார்வையில் நான் பழகியதாகப் பக்கத்து அலுவலகத்துக்கு ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துப் படம் எடுக்க வேண்டும் என்றார் ஐயா. செட்டில் ஏதும் பழுதா என்று கேட்டேன். இல்லையே என்றார். அப்படியென்றால் அங்கே எனக்கு வேலையில்லை என்று சொல்லிவிட்டு என் அறைக்கு வந்தேன். படத்துக்கு ஏட்டு உட்கார்ந்தார்.

இப்போதைய நிலை இதுதான். என் பெயர் தேர்ச்சிப் பட்டியலில் இருக்கிறது. எந்த நாடு, எப்போது என்று தெரியாது. அழைப்பு வராமலே பட்டியலின் காலம் முடிந்துவிடவும் கூடும். அதுவரை வயர்லெஸ் பிரிவில்தான் இருக்கிறேன். இந்த ஆண்டு எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் விண்ணப்பித்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஜீப் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கரிவலம்வந்தநல்லூரில் பழகுகிறார்கள்.