மகனுக்கு எவரெட் என்று பெயர் வைத்த கதை

பிஸ்கட் பெட்டியைக்கூட மிருகக் கொழுப்புக் கலந்திருக்குமோ என்று திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு வாங்குகிறவன், பெற்ற பிள்ளையின் பெயருக்குப் பொருள் பார்க்காமல் விட்டேன். என்னைவிடப் பெரிய முட்டாள் ரொறன்ரோவில் இருந்தால் கூட்டிவாருங்கள், காலில் விழுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பரம்பரையாக மச்சம் மாமிசம் தொடாத குடும்பத்தில் பிறந்த எனக்குப் பன்றியிறைச்சித் தொழிற்சாலையில் வேலை. குடல் கழுவ வேண்டும். வெதுவெதுப்பான, வழுக்குகிற, முடிவே இல்லாத குடல். அந்த நாற்றம் கையுறையைத் தாண்டி நகக்கண்ணில் ஏறியிருக்கும். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. ஏதோ மரியாதையாக்கும் என்று முதல் மாதம் நினைத்திருந்தேன். மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் நேரே குளியலறைதான். இரண்டு தரம் சவர்க்காரம் போடாமல் பிள்ளையைத் தொட மனைவி விடமாட்டாள்.

பிள்ளைக்குக் கார்த்திகை நட்சத்திரம். சாத்திரியாரிடம் கேட்டு, 'எ'யில் தொடங்கும் பெயராக வைக்கும்படி ஊரிலிருந்து மாமனார் எழுதியிருந்தார். வெள்ளைக்காரர் வாயிலும் நுழைய வேண்டும் என்பது என் நிபந்தனை. தொழிற்சாலையில் இரத்தம் தெறிக்காத சட்டை போட்டவர் மனேச்சர் ஒருவர்தான். சட்டைப் பையின் மேல் 'எவரெட்' என்று தைத்திருந்தது. நாறாத மனிதனின் பெயர்! என் ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது.

"வாயிலை சுகமாய் வருகுது, வையுங்கோ" என்றாள் மனைவி. பதிவுப் பத்திரத்தை அனுப்பிவிட்டேன்.

பிள்ளையின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்கள் பெயரின் கருத்துக் கேட்பார்களே என்று பிறகுதான் உறைத்தது. நூலகத்தில் பெயர்ப் புத்தகம் ஒன்றை எடுத்து, சாப்பாட்டு நேரத்தில் என்னோடு குடல் கழுவும் ஊர் அண்ணை ஒருவரிடம் பெருமையாக நீட்டினேன். அவருக்கு என்னைவிட இங்கிலீஷ் ஓடும்.

"எவரார்ட் எண்ட பேரிலையிருந்து வந்ததாம். பழைய ஜெர்மன் பாசை. 'எபுர்' எண்டால்..." வாயிலிருந்த புட்டை விழுங்கினார். "காட்டுப்பண்டி."

"மற்றப் பாதி அண்ணை?"

"'ஹார்ட்'. பலம், துணிவு. காட்டுப்பண்டி மாதிரிப் பலசாலி. என்ன தம்பி, இஞ்சை கழுவுற பண்டி காணாதெண்டு வீட்டிலையும் ஒண்டோ?"

சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டேன். அந்தக் காலத்து ஜெர்மன்காரருக்குக் காட்டுப்பன்றி வீரத்தின் அடையாளமாம். அவர்கள் அதன் குடலைக் கழுவியிருக்கமாட்டார்கள். பிற்பகல் முழுவதும் கையில் வழுக்கிய ஒவ்வொரு குடலையும் பார்க்கும்போது மகனின் பெயர் நினைவுக்கு வந்தது.

வேலை முடிந்ததும் பெயர் மாற்றும் பத்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு ஓடினேன். மனைவி பிள்ளையைத் தோளில் போட்டபடி கதவைத் திறந்தாள்.

"இஞ்சேரும், உதிலை உடனை ஒரு கையெழுத்து வையும். பிள்ளையின்ரை பேருக்குக் கருத்துக் காட்டுப்பண்டியாம்! எனக்கு அவனைக் கூப்பிடவே அருவருக்குது."

அவள் பத்திரத்தைத் தொடவில்லை. பிள்ளையின் உச்சந்தலையை ஆறுதலாக முகர்ந்தாள். பிறகு மூக்கைச் சுளித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மணக்கிறது பேரில்லை, நீங்கள்தான், போய்க் குளியுங்கோ."